மவுண்ட் கிளோரியில் ஒருவரும் இறந்ததில்லை

மவுண்ட் கிளோரியில் மலை கிடையாது. கான்சஸின் மேற்கே, உள்ளங்கை போலத் தட்டையான புல்வெளி. அதில் ஒரு வண்டிப்பாதை, பதினோரு மரவீடுகள், ஒரு சாமான் கடை. அந்தக் கடையின் மாடிதான் மாநகர அலுவலகம். ஆனால் நகரக் கம்பெனி பாஸ்டனில் அச்சடித்து விற்ற படத்தில் மலை இருந்தது. மலையடியில் பல்கலைக்கழகம் இருந்தது. நதியில் இரண்டு நீராவிக் கப்பல்கள் புகைவிட்டபடி நின்றன. அந்த நதியைத் தர்சா பிக்ஸ்பியின் மாடு தினமும் இரண்டு தடவை தாண்டும். குளம்பு நனைந்தால் அது மழைக்காலம்.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: “இந்நகரின் காற்று அத்தகையது. இங்கே இதுவரை ஒருவரும் இறந்ததில்லை.” அச்சடித்த அன்று அது சத்தியமான வார்த்தை. அன்று அந்த ஊரில் ஒருவருமே இல்லை.

தர்சாவும் அவள் கணவன் ஏனோக்கும் கம்பெனிக்கு ஒரு மாதம் முன்னாலேயே, 1878 மார்ச்சில், ஒஹாயோவிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நூற்றறுபது ஏக்கர். ஐந்து வருஷம் அந்த மண்ணை விட்டு நகராமல் குடியிருந்து உழுது காட்டினால் அரசாங்கம் பட்டா கொடுக்கும். மரம் இல்லாத ஊர், வெளியூரிலிருந்து பலகை வாங்கக் காசும் இல்லை என்பதால் புல்வேர் மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிச் சுவர் வைத்தார்கள். வேலிக்கும் கல்தூண்தான். ஏப்ரலில் கர்னல் லெமுவேல் ஸ்ட்ராதர் ஒரு அளவுச் சங்கிலியோடும் நாலு முளைக்குச்சியோடும் வந்து இறங்கி, அது ஒரு மாநகரம் என்று அறிவித்தார். எந்தப் படையில் கர்னல் என்று கேட்டால், கேட்பவருக்குத் தகுந்தாற்போல் படை மாறும். குடிமக்கள் புத்தகம் ஒன்றைத் திறந்து முதல் வரியில் அவர் எழுதியது ஏனோக் பிக்ஸ்பியின் பெயரைத்தான். மனுஷன் தன்னையறியாமலேயே முதல் குடிமகனாகிவிட்டான்.

ஆகஸ்டில் ஏனோக் கிணறு தோண்டினான். நாற்பதாவது அடியில் விஷக்காற்று பிடித்தது. பக்கத்து நிலத்து நீல்ஸ் ஹோகன், கல் உடைப்பவன், கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவனை மேலே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. மறுநாள் அந்தக் கிணற்றில் ஊற்று திறந்தது. சுற்றுவட்டாரத்திலேயே உப்புக் கரிக்காத தண்ணீர் அது ஒன்றுதான். நிலத்தின் தென்கிழக்கு மூலையில் நீல்ஸும் தர்சாவும் ஏனோக்கைப் புதைத்தார்கள். தர்சா கறுப்பு உடுப்பு உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் கர்னல் வந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, உன் துக்கம் என் துக்கம். ஆனா இத இறப்புன்னுதான் சொல்லணுமா?”

“வேற என்னன்னு சொல்றது, கர்னல்?”

“கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் சொல்லாம இருப்போமே. வெள்ளிக்கிழமை பாஸ்டன்லேருந்து மனை பாக்க இருபது பேரு வராங்க. நெடுந்தூரம் வராங்க, பாவம். வந்து எறங்கினதும் ஒரு கறுப்பு உடுப்பு கண்ணுல பட்டா மனசு ஒடிஞ்சு போயிடும். அதப் பெட்டியில வெச்சுடு. ஒரு வாரம்தான்.”

ஒரு வாரம்தானே என்று அவளும் பெட்டியில் வைத்தாள். தர்சா சந்தேகப்படாமல் செய்த கடைசிக் காரியம் அது.

இதன் பிறகு மவுண்ட் கிளோரியின் நிர்வாகம் வெகு வேகமாக வளர்ந்தது. பிறப்புக்கு ஒரு புத்தகம் வாங்கினார்கள். கல்யாணத்துக்கு ஒன்று. நாய் உரிமத்துக்குக்கூட ஒன்று. இறப்புக்கு மட்டும் வாங்கவில்லை. ஊர் எழுத்தர் ஹைரம் டோப்பிடம் தர்சா இதைக் கேட்டாள். ஹைரம் அதே மாடியில் சவரக்கடையும் வைத்திருந்தான். ஒருவர் முகத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னான்.

“தேவைப்பட்டா வாங்கலாம், தர்சாம்மா. இது வரைக்கும் யாரும் சாகலையே.”

“ஏம்ப்பா, என் வீட்டுக்காரரு செத்தாரே.”

“அத எழுதறதுக்குப் புத்தகம் இல்லையே. புத்தகத்துல இல்லாதத ஆபீஸ் எப்படி நம்பும்?”

நுரைக்குள் இருந்தவரும் தலையாட்டினார். அவர் கர்னல்தான் என்று நுரை வழித்த பிறகு தெரிந்தது.

அடுத்த வருஷம் மாவட்டத் தலைநகர் தேர்தல் வந்தது. எந்த ஊர் தலைநகரோ அந்த ஊருக்குத்தான் நீதிமன்றம், சிறை, மனைவிலை, மரியாதை எல்லாம். போட்டி பன்னிரண்டு மைல் தள்ளியிருந்த பைக் க்ரீக்கோடு. மவுண்ட் கிளோரியில் ஆண்கள் நாற்பத்தொரு பேர்; விழுந்த வாக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. பைக் க்ரீக்கில் ஆண்கள் முப்பத்தெட்டு பேர். விழுந்தது முந்நூற்றுப் பதினொன்று. ஜனநாயகம் ஒரே ஒரு வாக்கில் பிழைத்தது என்று கர்னல் அன்று பீப்பாய் மேல் ஏறிப் பேசினார்.

அன்றிலிருந்து இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று உளவு பார்க்க ஆரம்பித்தன. ஒரு வாக்கு பொய் என்று காட்டினால் தேர்தல் ரத்தாகித் தலைநகர் போய்விடும். அதில் கம்பெனி கெட்டிக்காரத்தனம் செய்திருந்தது. வாக்காளர் பட்டியலில் பெரும்பாலான பெயர்கள் கிழக்கே ஏதோ ஒரு விடுதியின் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்தவை. அவர்களைப் பூமியில் யாராலும் தேடிப் பிடிக்க முடியாது. தேடிப் பிடிக்க முடியாத ஆளை இல்லை என்று யார் நிரூபிப்பது? தேடினால் கிடைக்கக்கூடிய ஒரே ஆள் ஏனோக் பிக்ஸ்பி. ஏழாவது வாக்கு அவனுடையது. இங்கே அவன் பெண்டாட்டி இருக்கிறாள், வீடு இருக்கிறது, மாடு இருக்கிறது. ஆகவே அவன் உயிரோடு இருந்தே தீர வேண்டும் என்று ஆயிற்று.

அவனுக்கு நல்ல உயிர். வருஷா வருஷம் வாக்களித்தான். ஊர் ஆண்கள் எல்லாரும் செய்தாக வேண்டிய சாலை வேலைக்கு வரவில்லை என்று அவன் பெயருக்கு மூன்று நோட்டீஸ் வந்தது. தர்சாவே மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வேலை செய்துவிட்டு வந்தாள். 1881-இல் கவுன்சிலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். எதிரிகளே இல்லாத ஒரே குடிமகன் என்று காரணம் சொன்னார்கள். சுகாதாரக் கமிட்டிக்குத் தலைவனும் ஆனான். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கீழே ஹைரம் ஒரே மாதிரி எழுதினான்: “உறுப்பினர் பிக்ஸ்பி மௌனமாக இருந்தார். மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது.”

ஊர் தர்சாவைக் கண்காணித்தது. அவள் தென்கிழக்கு மூலைப் பக்கம் நடந்தால் பதினோரு வீட்டிலும் ஜன்னல் துணி அசையும். அவளும் ஊரைக் கண்காணித்தாள். யாராவது மக்காச்சோள ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தால், தின்பதற்கு முன் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கவுன்சிலருக்கு என்று கொடுத்தால் மாட்டுக்குப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், “நோயில் கிடக்கும் நம் சகோதரர் பிக்ஸ்பிக்காக” என்று போதகர் ஆரம்பித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொல்வாள். நாலு வருஷமாக ஊர் பார்க்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

1883 மார்ச்சில் ஐந்து வருஷம் முடிந்தது. பட்டா வாங்கும் நேரம். புருஷன் இறந்தால் விதவைக்கு உரிமை உண்டு, இறப்புச் சான்று மட்டும் வேண்டும். தர்சா மாடியேறினாள்.

ஹைரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே வருத்தப்பட்டான். “நாலு தடவ ஓட்டுப் போட்டவருக்கு நான் எப்படிம்மா இறப்புச் சான்று குடுக்கறது? போன மாசம்கூடப் புதுப் பாலத்துக்கு மௌனமா இருந்தாரு.”

“அப்போ உயிரோட இருக்காருன்னே எழுதிக் குடு. பட்டா அவரு பேருக்கு வரட்டும்.”

“அதுலயும் ஒரு சிக்கல். அவரு நெலத்துல இல்லைன்னு கர்னல் மனு போட்டிருக்காரு. விசாரணைக்கு நில அதிகாரி வராரு. ஆறு மாசத்துக்கு மேல விட்டுட்டுப் போனவருக்கு நெலம் கெடையாது. மனு போட்டவருக்குத்தான் அடுத்த உரிமை.” ஹைரம் குரலைத் தாழ்த்தினான். “கெணத்துத் தண்ணி நல்லாருக்குதாமே.”

செத்தவன் என்று சொல்லவிடாமல் ஐந்து வருஷம் வாயைக் கட்டியவர்கள், இருக்கிறவன் என்று சொல்லவும் விடவில்லை. மனுஷனைச் சாகவும் விடாமல் இருக்கவும் விடாமல், அவன் வெட்டிய கிணற்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

தர்சா படியிறங்கி நேராக நீல்ஸிடம் போனாள். குழியில் நின்று கல் பிளந்துகொண்டிருந்தான்.

“நீல்ஸ், நீதானே தூக்கின. நில அதிகாரி முன்னாடி வந்து ஒரு வார்த்த சொல்லேன்.”

நீல்ஸ் உளியைக் கீழே வைத்தான். “என் பேர நாலு விதமா எழுதி நாலு ஓட்டுப் போட்டிருக்காங்க, அக்கா. நான் வாயத் தெறந்தா நாங்க நாலு பேரும் ஜெயிலுக்குப் போகணும். எனக்கு ஒருத்தனுக்கே இங்க சோறு கெடைக்கல.”

அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. திரும்பி வந்தபோது வாசலில் ஒரு குதிரை நின்றது. பைக் க்ரீக் வக்கீல் அப்னர் கிரம், கையுறையைக் கழற்றாமலே பேசினார்.

“உங்களுக்கு நான் இருக்கேன், அம்மா. உங்க வீட்டுக்காரரு செத்துட்டாருன்னு நான் நிரூபிக்கறேன். அந்த ஊரோட கதை அன்னிக்கே முடிஞ்சுது.”

“எப்படி நிரூபிப்பீங்க?”

“ஒரு மண்வெட்டி போதும். எலும்பெல்லாம் ஒரு பெட்டியில போட்டு, நம்பர் ஒட்டி, மாநிலத் தலைநகர் நீதிமன்றத்துல மேஜை மேல வெச்சா யாரால மறுக்க முடியும்?”

“அப்புறம்?”

“அப்புறம் மேல்முறையீடு. பெட்டி வாஷிங்டன் போகும். பத்து வருஷத்துல திருப்பிக் குடுத்துடுவாங்க.”

தர்சா உள்ளே போய் ஏனோக்கின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். வக்கீல் குதிரை ஏறினார். போகும்போது, “விசாரணைக்கு நான் முன்வரிசையில உக்காந்து எல்லாத்தையும் எழுதிக்குவேன்” என்றார். மிரட்டலாகத்தான் சொன்னார். ஆனால் மூன்று நாள் மாவு பிசைந்துகொண்டும் பால் கறந்துகொண்டும் தர்சா அதைத்தான் யோசித்தாள்.

விசாரணை சாமான் கடையில் நடந்தது. நில அதிகாரி விட்கோம் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்தார். படிவத்தைத் தவிர வேறு எதையும் படித்தறியாத மனிதர். முன்வரிசையில் கிரம் நோட்டுப்புத்தகத்தைத் திறந்து பென்சிலைக் கூராக்கி வைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் கர்னலின் மீசை கொஞ்சம் தொங்கியது. ஆனாலும் எழுந்து பேசினார்.

“கனம் அதிகாரி அவர்களே. ஏனோக் பிக்ஸ்பி இந்த மாநகரத்தோட முதல் குடிமகன். எங்க கண்ணின் மணி. ஓட்டு விஷயத்துல அவரு இங்கதான் இருக்காரு. கவுன்சில் விஷயத்துலயும் இங்கதான் இருக்காரு. ஆனா நெலம்னு வரும்போது, மனசு பாரமாத்தான் சொல்றேன், அவரு இல்ல. ஒரு பெரிய மனுஷனப் பொதுக்காரியத்துக்குத் தேடினா கெடைப்பாரு, சொந்தக் காரியத்துக்குத் தேடினா கெடைக்கமாட்டாரு. அதானே பெரிய மனுஷனுக்கு லட்சணம்? கம்பெனி தனக்குன்னு ஒண்ணும் கேக்கல. தண்ணிய மக்களுக்குக் குடுக்கணும்னுதான் கேக்குது. நியாயமான விலைக்கு.”

விட்கோம் படிவத்தைத் தடவினார். “இதுல ‘இருக்கிறார்’, ‘இல்லை’ன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. ‘தேவைப்படும்போது’ன்னு கட்டம் இல்ல. எதுல கோடு போடறது?”

தர்சா எழுந்தாள். “ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? கர்னல், என் வீட்டுக்காரரு எப்போலேருந்து நெலத்துல இல்ல?”

“அது வந்து... எழுபத்தெட்டு ஆகஸ்ட்...” என்று ஆரம்பித்த கர்னல் நிறுத்தினார்.

கிரம்மின் பென்சில் காகிதத்தைத் தொட்டது. தலைநகர் தேர்தல் நடந்தது எழுபத்தொன்பதில்.

“எழுபத்தெட்டு ஆகஸ்ட்டுன்னு எழுதிக்கவா?” என்றார் விட்கோம்.

“வேண்டாம்” என்று கர்னலும் ஹைரமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“அப்போ தேர்தல் அன்னிக்கு அவரு இந்த ஊர்லதான் இருந்தாரா?” என்று தர்சா கேட்டாள்.

கர்னல் கிரம்மைப் பார்த்தார். கடையில் இருந்த எல்லாரும் கர்னலைப் பார்த்தார்கள். “இருந்தாரு” என்றார்.

“எங்க?” என்றாள் தர்சா. “பட்டியல்ல என்ன விலாசம் போட்டிருக்கு? ஹைரம், படிப்பா.”

ஹைரம் படித்தான். அது அந்த நூற்றறுபது ஏக்கரின் விலாசம்தான்.

“அதுக்கப்புறம் வருஷா வருஷம்?”

“அதே விலாசம்தான்” என்றான் ஹைரம். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

விட்கோம் ‘இருக்கிறார்’ என்ற கட்டத்தில் கோடு போட்டார். இடைவிடாத குடியிருப்புக்கு ஊரில் மதிப்புள்ள இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று படிவம் கேட்டது. கர்னல் ஸ்ட்ராதர், எழுத்தர் டோப் என்று அவரே எழுதிக்கொண்டு இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். பிறகு தர்சாவைப் பார்த்தார்.

“உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உண்மையத்தான் சொல்லணும். உங்க கணவர் ஒரு நாளாவது இந்த நெலத்த விட்டு வெளிய போயிருக்காரா?”

பொய் சொல்லக்கூடாது என்று தர்சா வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தாள். “இல்லைங்க. ஒரு நாள்கூடப் போகல. இப்பவும் அங்கதான் இருக்காரு.”

“இன்னிக்கு ஏன் வரல?”

“எழுந்திருக்க முடியாதுங்க. அஞ்சு வருஷமா படுத்த படுக்கை.”

விட்கோம் அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் சந்தேகம் இருந்தது. படிவத்தில் சந்தேகத்துக்குக் கட்டம் இல்லை. இயலாதவருக்காக மனைவி கையெழுத்திடலாம் என்று பின்பக்கத்தில் இருந்ததைக் காட்டினார். தர்சா கையெழுத்துப் போட்டாள். கிரம் நோட்டுப்புத்தகத்தைப் படாரென்று மூடிவிட்டு எழுந்து போனார்.

பட்டா வந்த வாரமே கர்னல் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் ஒரு கிரயப் பத்திரம். நிலம் முழுவதையும் கிணற்றோடு கம்பெனிக்கு விற்பதாக ஏனோக் பிக்ஸ்பி கையெழுத்துப் போட்டிருந்தான். வாக்குப் பதிவேட்டில் போட்ட அதே அழகான கையெழுத்து.

“உன் வீட்டுக்காரரு நேத்து சாயங்காலம் போட்டுக் குடுத்தாரு, தங்கச்சி” என்றார் கர்னல். “உசுரோட இருக்கறவருக்கு விக்கவும் உரிமை உண்டு இல்லையா? நீயே சாட்சி சொன்னியே.”

தர்சா பத்திரத்தை இரண்டு தடவை படித்தாள். அடியில் இன்னொரு கோடு காலியாக இருந்தது. “இது யாருக்கு?”

“அது ஒரு சம்பிரதாயம். இந்த மாநிலத்துல குடியிருக்கற வீட்டப் பெண்டாட்டி கையெழுத்து இல்லாம புருஷன் விக்கக்கூடாதாம். பெரிய தொந்தரவு. ஒரு கீறல் கீறிடு.”

“அவரு என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. இருங்க, ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்.”

அவள் தென்கிழக்கு மூலைக்கு நடந்தாள். பதினோரு வீட்டிலும் ஜன்னல் துணி அசைந்தது. மண்மேட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். கர்னல் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். அவள் திரும்பி வந்தாள்.

“என்ன சொன்னாரு?”

“பேசாம இருக்காரு.”

“மௌனம் சம்மதம்” என்றார் கர்னல், பழக்க தோஷத்தில்.

“அது உங்க கவுன்சில்ல, கர்னல். எங்க வீட்டுல அவரு பேசாம இருந்தா வேண்டாம்னு அர்த்தம்.” பத்திரத்தை மடித்து அவர் தொப்பிக்குள் போட்டாள்.

அன்று சாயங்காலம் நீல்ஸ் ஒரு கல்தூணை வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். சாட்சிக்கு வராததற்கு ஈடாக அவன் தானே செய்தது. வேலிக்கல் போலவே நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டே போனால், உள்பக்கம் ஏனோக் பிக்ஸ்பி என்றும் பிறந்த வருஷமும் வெட்டியிருந்தது. நீல்ஸ் உளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான்.

“அக்கா, ரெண்டாவது வருஷம் போடட்டுமா?”

போட்டால் பட்டா போய்விடும். போடாவிட்டால் அவர் சாகவில்லை. தர்சா ஊர்ப் பக்கம் பார்த்தாள். ஐந்து வருஷத்துக் கோபமும் அந்தப் பார்வையில் இருந்தது.

“எடம் விட்டு வை, நீல்ஸ். மொதல்ல இந்த ஊரு சாகட்டும். அப்புறம் இவரு செத்துக்குவாரு.”

அதற்கு இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று. ரயில்பாதை பைக் க்ரீக் வழியாகப் போய்விட்டது. மவுண்ட் கிளோரிக்காரர்கள் வீடுகளை உருளைக்கட்டை மேல் ஏற்றி, எருது கட்டி, பன்னிரண்டு மைல் இழுத்துக்கொண்டு எதிரி ஊருக்கே குடிபோனார்கள். கடைசியாகச் சாமான் கடையும், மாடியிலிருந்த மாநகரத்தோடு சேர்ந்து, புல்வெளியில் ஆடி ஆடிப் போயிற்று. கர்னல் எங்கேயோ புதிதாக ஒரு ஊரை நிறுவப் போய்விட்டார். அங்கே கடல் இருப்பதாகக் கேள்வி. குடிமக்கள் புத்தகத்தைக் கடைசி நாளன்று முடித்து வைத்தபோது ஹைரம் இப்படி எழுதினான்: “இந்நகரில் இறுதிவரை ஒருவரும் இறக்கவில்லை.”

சாமான் கடை கண்ணுக்கு மறைந்ததும் தர்சா பெட்டியைத் திறந்தாள். கறுப்பு உடுப்பு பத்து வருஷத்தில் அவளுக்குத் தொளதொளவென்று ஆகியிருந்தது. அதை உடுத்திக்கொண்டு, நீல்ஸின் உளியை எடுத்துக்கொண்டு தென்கிழக்கு மூலைக்குப் போனாள். கைப்பழக்கம் இல்லாததால் எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் வருஷம் சரியாக இருந்தது: 1878. பார்ப்பதற்கு ஒரு ஜன்னல்கூட மிச்சமில்லை. அவள் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.